கியர் பெட்டியும் ஓர் இடுபொருள்தான்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், போடிமெட்டு ஏற்றத்தில் பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் என் அக்கா மகனுடைய வண்டி நின்றுபோனது. உள்ளே ஆறு மூட்டை வேப்பம்புண்ணாக்கு, இரண்டு கேன் பஞ்சகவ்யா. எஞ்சின் ஓடுது, ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுது, ஆனால் சக்கரம் உருள மாட்டேங்குது. கருகின எண்ணெய் வாடை. மழை வேறு. ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலேயிருந்து இறங்கிய ஒரு ஜீப்காரர் நிறுத்தி, குனிந்து பார்த்து, மோந்து பார்த்து, "தம்பி, இது ஆட்டோ கியரு. இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

தேனி மாவட்டத்து ஜீப்காரர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் அப்படிச் சொல்கிற ஆட்கள் கிடையாது. கிளட்ச் கேபிள் அறுந்தால் கம்பியைக் கட்டி ஓட்டுவார்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஏறியிருக்கிற ஆட்களை இறக்கி, தள்ளச் சொல்லி, செகண்ட் கியரில் விட்டுக் கிளப்புவார்கள். அப்படிப்பட்ட ஒருத்தர் கையை விரித்துவிட்டுப் போனார் என்று கேட்டதும் எனக்கு உறைத்தது.

மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகுது. வைகை அணைப் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டி முருங்கையும் மல்லிகையும் வைத்திருக்கிறான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மாமனார் வழியில் வந்த சின்ன ஏலத்தோட்டம் ஒன்று. அதையும் ரசாயனத்திலிருந்து மீட்டுக்கொண்டு வருகிறான். நகரத்தில் இருந்தபோது வாங்கின டீசல் எஸ்யூவி. வாங்கும்போதே பழைய வண்டி. பின்சீட்டை மடித்தால் லோடு வண்டி, நிமிர்த்தினால் குடும்ப வண்டி. நகரத்து நெரிசலில் இடது காலுக்கு வேலையில்லாமல் சுகமாக ஓட்டினவன், அதே வண்டியில் புண்ணாக்கை ஏற்றி மலையேறத் தொடங்கினான். வாரத்துக்கு இரண்டு நடை.

அன்றைக்கு ராத்திரி மீட்பு வண்டி வந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, பின் சக்கரம் ரோட்டில் உருள, போடி வரைக்கும் இழுத்து வந்தார்கள். பின் சக்கரத்தில் இழுவை உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படி இழுக்கவே கூடாது. பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடுகிற பம்பு எஞ்சினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் பெட்டியைச் சுற்றினால் உள்ளே எல்லாம் வறண்டு உரசும். பாதி கெட்டிருந்த பெட்டி முழுசாகப் போனது. மதுரையில் காட்டினோம். திறந்து சரிபார்க்க ஆள் இல்லை, முழுப் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும், வெளியூரிலிருந்து வரவழைக்க ஒன்றரை மாதம் ஆகும், 2 லட்சத்து 60 ஆயிரம் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றாலே அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும்.

"மாமா, ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு மேனுவல் பெட்டி வச்சா என்ன?" என்று கேட்டான்.

வைக்கலாம் என்றேன். வைத்தாயிற்று. நான் ஏன் அப்படிச் சொன்னேன், யாருக்கெல்லாம் அப்படிச் சொல்ல மாட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நகரத்து வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்புகிற இளைஞர்கள் நம்ம கூட்டங்களுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். வரும்போது நகரத்து வண்டியோடுதான் வருகிறார்கள். கியர் தானாக மாறுகிற வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகின்றன. இந்தக் கேள்வி மருமகனோடு நிற்கப் போவதில்லை.

முதலில் அந்தப் பெட்டி ஏன் மலையில் திணறியது என்று பார்ப்போம். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியின் டார்க் கன்வர்ட்டர் அப்படித்தான்; காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயை வீசும், கியர் பெட்டிப் பக்கத்து விசிறி அதை வாங்கிச் சுற்றும். தொடக்கத்தில் இது அருமையான ஏற்பாடு. மேனுவல் பெட்டியில் முதல் கியர் விகிதம் பொதுவாக 4-க்கு 1 என்கிற அளவில் இருக்கும். பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில் 2.8-க்கு 1 என்கிற அளவில்தான் இருக்கும். அந்தக் குறையைக் கன்வர்ட்டர் ஈடுகட்டிவிடும், கிளம்பும்போது இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் நழுவாது, கிளட்ச் கருகாது. இதெல்லாம் உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வேகம் எடுத்த பிறகுதான் கன்வர்ட்டர் பூட்டிக்கொண்டு நேரடியாக இழுக்கும். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். லோடோடு போனால் எங்கே வேகம் எடுப்பது? ஏறுகிற நேரம் முழுக்க எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்குகிற இடத்தில் வீணாகிற சக்தி எல்லாம் சூடாக மாறி அந்த எண்ணெயிலேயே இறங்கும். எண்ணெய் வெந்தால் உள்ளே இருக்கிற கிளட்ச் தகடுகள் வேகும். மருமகன் எண்ணெயை மாற்றியும் ரொம்ப நாளாச்சு, அதையும் சொல்லிவிடுகிறேன். கன்வர்ட்டர் மேலேயே பழி போட்டால் அது நியாயமில்லை.

இறக்கம் இன்னொரு விஷயம். இங்கே ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விதி, ஏறின கியரிலேயே இறங்கணும். ஆட்டோமேட்டிக்கிலும் லிவரைக் கீழே இழுத்து, தாழ்ந்த கியரில் நிறுத்தி இறங்கலாம். ஆனால் ஓட்டுகிற பலபேர் 'டி'-யில் போட்டதை விட்டு மாற்றுவதே இல்லை. இறக்கத்தில் பெட்டி தானாக மேல் கியருக்குப் போகும், எஞ்சின் பிடி தளரும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். முந்தலுக்கு வரும்போது சக்கரத்திலிருந்து வாடை வருகிறது என்றால் காரணம் இதுதான்.

மேனுவல்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகவில்லை. அதில் மிச்சமே கிடையாதுங்க. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பம்பு டீசலை நிறுத்திக்கொள்ளும், இறங்குகிற வண்டியே எஞ்சினைச் சுற்றிக்கொடுக்கும். நியூட்ரலில்தான் எஞ்சின் நிற்காமல் இருக்க டீசல் எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குகிற புத்திசாலிகளும் உண்டு. அணைத்தால் பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், பவர் ஸ்டியரிங் கல்லாகும்.

சரி, பெட்டியை மாற்றுவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதுசா? இல்லை. 1945-இல் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி முதல் பொதுமக்கள் ஜீப்பை விற்க வந்தபோது, அதை உழவர்களுக்கான வண்டி என்றுதான் விளம்பரம் செய்தது. உழும், இழுக்கும், மெஷினை ஓட்டும் என்று. 1940-களின் கடைசியிலேயே மஹிந்திரா அந்த ஜீப்பை நம் நாட்டில் கோர்க்கத் தொடங்கிவிட்டது. பழைய ஜீப்பில் முன்னுக்கு மூன்றே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. டபுள் கிளட்ச் அடிக்கத் தெரியாதவன் பல்லை நறநறக்க வைப்பான். பெட்ரோல் எஞ்சின் கட்டுப்படி ஆகவில்லை என்று டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். மூன்று கியர் பற்றவில்லை என்று நாலு கியர் பெட்டி, பிறகு ஐந்து கியர் பெட்டி வைத்தார்கள். கம்பம், போடி, குமுளி என்று பட்டறை பட்டறையாக இந்த வேலை நடந்தது. விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப்புகளில் எது கம்பெனி கொடுத்த பெட்டி, எது பட்டறை வைத்த பெட்டி என்று ஓட்டுகிறவருக்கே நினைவிருக்காது.

அந்தக் கைப்பழக்கம் இன்னும் மிச்சம் இருப்பதால்தான் எங்கள் வேலையும் நடந்தது. தேனியில் ஒரு பட்டறை. மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதே மாடல் மேனுவல்ல வந்துச்சா?" வந்தது. "அப்ப பாதி வேலை முடிஞ்சது அண்ணே. அடிபட்ட வண்டி ஒண்ணைக் கண்டுபிடிங்க. பெட்டியை மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க, ஒட்டுமொத்தமா கழட்டிட்டு வாங்க."

யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தமாக என்றால் என்னென்ன? ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்குப் பின்னால் மெல்லிசான தகடு ஒன்றுதான் இருக்கும். மேனுவலுக்குக் கனமான ஃப்ளைவீல் வேணும். தகட்டுக்குப் போட்ட போல்ட் நீளம் குறைவு. அதையே ஃப்ளைவீலுக்குப் போட்டால் பிடிமானம் பற்றாது, ஃப்ளைவீலின் போல்ட்டே வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் கடைசியில் சின்ன பேரிங் ஒன்று உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கு வந்த கிராங்கில் சிலதில் அந்தத் துளை சரியாகக் கடைந்திருக்காது. பெட்டியை மாட்டுவதற்கு முன்னாலேயே அளந்து பார்க்கணும். மாட்டின பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்கணும். பெல் ஹவுசிங், கிளட்ச் மிதி, மிதிக்குப் பின்னால் இருக்கிற சட்டம், கிளட்ச்சின் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், இடையில் குழாய். பெட்டி உட்காருகிற குறுக்குச் சட்டமும் ரப்பரும். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், மேனுவல் வண்டியுடையதே கிடைத்தால் நல்லது. வெட்டி ஒட்டினால் லேத்தில் பேலன்ஸ் பார்க்காமல் பூட்டாதீர்கள், பேரிங்கைத் தின்றுவிடும். கிளட்ச் தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதுசாக வாங்குங்கள். இதில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி பெட்டியை இறக்க வேண்டியதுதான்.

கிரவுனையும் பார்க்க வேண்டும். ஒரே மாடலாக இருந்தாலும் ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு பல் விகிதமும் மேனுவலுக்கு வேறு விகிதமும் வைத்திருப்பார்கள். மாறினால் வண்டி ஒன்று மூச்சு வாங்கும், இல்லாவிட்டால் ரோட்டில் கத்திக்கொண்டே ஓடும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் கிரவுனும் பின் கிரவுனும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் பல் உடையும்.

கடைசியாக வயர். பழைய ஜீப்பில் எஞ்சினுக்கு மூளை கிடையாது. டீசல் பம்பு இயந்திரம்தான், அங்கே இந்தத் தொல்லையே இல்லை. இந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியர் பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். பெட்டிக் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் பயந்துபோய் பாதிச் சக்தியோடு நின்றுகொள்ளும். அதனால் அடிபட்ட மேனுவல் வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டர், சாவி, சாவியை அடையாளம் காண்கிற பெட்டி மூன்றையும் ஜோடி பிரியாமல் வாங்கினோம். அப்படியும் முதல் நாள் செல்ஃப் சுற்றவில்லை. ஆட்டோமேட்டிக்கில் லிவர் 'பி' அல்லது 'என்'-இல் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். அந்த சுவிட்ச் இப்போது இல்லை. இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. கிளட்ச் மிதியில் சுவிட்ச் வைத்து, மிதித்தால்தான் எடுக்கும்படி செய்தார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாவியைத் திருகினாலும் வண்டி பாயாது.

மொத்தம் 11 நாள். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பழைய சாமான் தேடி அலைந்தது தனி. சாமான், புதுக் கிளட்ச், லேத், வயரிங், கூலி எல்லாம் சேர்ந்து 94,000 ரூபாய். புதுப் பெட்டிக்குச் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவு. இது எங்கள் கணக்கு. உங்கள் வண்டிக்கு அடிபட்ட ஜோடி வண்டி கிடைக்காவிட்டால் கணக்கு தலைகீழாகும்.

ஒரு விபத்தும் நடந்தது, சொல்லாமல் விட்டால் தப்பு. ஆட்டோமேட்டிக்கில் 'பி'-யில் போட்டுவிட்டு இறங்கிப் பழகினவன், அதே நினைப்பில் வரப்போரம் நிறுத்திவிட்டு, நியூட்ரலிலேயே விட்டு இறங்கிவிட்டான். வண்டி மெல்ல உருண்டு இறங்கி சொட்டுநீர் மெயின் பைப்பை உடைத்து முருங்கை மேல் சாய்ந்து நின்றது. 'பி'-யில் இருந்த பல்பூட்டு பெட்டியோடு போய்விட்டது அல்லவா? கை பிரேக்கை இழுக்கும் பழக்கமே இல்லாததால் அதன் கேபிளும் துருப்பிடித்துக் கிடந்தது. பெட்டி மாற்றும்போதே கை பிரேக்கையும் புதுப்பித்துவிடுங்கள். சரிவில் நிறுத்தினால் முதல் கியர் அல்லது ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல். நம்ம தாத்தாக்கள் வண்டிக்குக் கட்டை போட்டது சும்மா இல்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெட்டி, கூலர், குழாய் எல்லாவற்றிலுமாக எட்டு ஒன்பது லிட்டர் கறுத்த எண்ணெய் வந்தது. கரையானுக்குத் தடவலாம் என்று பட்டறைக்கு வந்திருந்த ஒருவர் கேன் கொண்டு வந்தார். வேலிக்கால், கொட்டகைத் தூண் என்று நம்ம ஆட்கள் இன்னும் இதைச் செய்கிறார்கள். பத்து வருஷம் பாடுபட்டு மண்புழுவை வரவழைத்துவிட்டு, தூண் வழியாக இதை இறக்குகிறோம். பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படியே அபாயக் கழிவு. பட்டறையிலிருந்து மறுசுழற்சிக்கு எடுத்துப் போகிற அனுமதி பெற்றவர்களிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. எஞ்சினை மாற்ற அனுமதி கட்டாயம். எஞ்சின் எண் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. பெட்டி விஷயத்தில் வேலையைத் தொடங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரிவியுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஆகி, அதன் பிறகு "வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்கள்" என்று ஒரு காகிதம் வந்தால் குடும்பம் தாங்காது.

இனி, யாருக்கு வேண்டாம் என்பது. இடது முழங்கால் போனவர்கள், கால் ஊனமுற்றவர்கள், ஆட்டோமேட்டிக் இருப்பதால்தான் வண்டி ஓட்டத் துணிந்தவர்கள். அவர்களிடம் போய் மேனுவலுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டு தேய்ந்த ஓர் அம்மா ஆட்டோமேட்டிக் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகிறார் என்றால், அந்தப் பெட்டி அவருக்கு விடுதலை. அவர் வண்டியில் எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, தனியாக ஒரு எண்ணெய் கூலர் வைத்து, மலை இறங்கும்போது தாழ்ந்த கியரில் போடக் கற்றுக்கொண்டால் போதும். வாரண்டி தீராத வண்டியையும் தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டோமேட்டிக்கை வீம்புக்கு மாற்றுவதும் வேண்டாம். நம்ம இயக்கத்திலேயே சில பேர் புதுசாக வந்த எதையும் சதி என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கையிலிருக்கிற போனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஏ.எம்.டி. என்று சொல்லி விற்கிற வண்டிகள் வேறு ஜாதி. 2014-இல் செலேரியோ காரோடு நம் நாட்டில் பரவத் தொடங்கியது. அதில் இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் மோட்டார் கை ஒன்று வைத்திருக்கிறார்கள். டார்க் கன்வர்ட்டர் கிடையாது. அந்தக் கை கெட்டால் பெட்டியையே கழற்றி எறிய வேண்டியதில்லை. விற்பவர் 'ஆட்டோமேட்டிக்' என்று சொன்னால், எந்த ஆட்டோமேட்டிக் என்று திருப்பிக் கேளுங்கள்.

உழவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டுவது இது முதல் தடவை இல்லை. 1959-இல் அமெரிக்காவில் ஃபோர்டு டிராக்டரில் 'செலக்ட்-ஓ-ஸ்பீடு' என்று ஒரு பெட்டி வந்தது. முன்னுக்கு 10 வேகம், பின்னுக்கு 2, கிளட்ச் மிதியே கிடையாது, ஒரு கைப்பிடியைத் தள்ளினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாறும். நினைத்துப் பாருங்கள், உழுதுகொண்டே கியர் மாற்றலாம்! ஆனால் தொடக்கத்தில் வந்தவை வெட்டி வெட்டி இழுத்தன, கெட்டால் ஊர்ப் பட்டறையில் திறக்க ஆள் இல்லை. அங்கத்து உழவர்கள் அதற்கு 'ஜெர்க்-ஓ-மேட்டிக்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பலர் அதைக் கழற்றிவிட்டு சாதாரணப் பெட்டியைப் பூட்டிக்கொண்டார்கள். பிற்பாடு கம்பெனி அதைத் திருத்தியது, பழகினவர்கள் அதைப் புகழவும் செய்தார்கள். ஆகவே யோசனை கெட்டதில்லை. திறக்கத் தெரிந்த கை ஊருக்குள் வருவதற்கு முன்னால் பெட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். எஸ்கார்ட்ஸ் 1971-இலிருந்து ஃபரிதாபாத்தில் செய்த ஃபோர்டு 3000 சாதாரணப் பெட்டியோடுதான் நம்மிடம் வந்தது. அந்த வகை டிராக்டர்கள் இன்னும் ஓடுகின்றன என்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்மாழ்வார் அய்யா வெளியிலிருந்து வாங்குவதைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே ஊர் ஊராக நடந்தார். விதை, உரம், மருந்து மூன்றையும் நாம் அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டோம். வண்டி வாங்கும்போது மட்டும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. மைலேஜ் கேட்கிறோம், மாதத் தவணை கேட்கிறோம். இது கெட்டால் திறக்கிற கை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேட்பதில்லை. மருமகனுக்கு அன்றைக்கு அந்தத் தூரம் ஒன்றரை மாதமும் 2 லட்சத்து 60 ஆயிரமும். அந்த நேரத்தில் ஏலக்காய் பறிப்பு. பறித்ததைப் போடிக்கு இறக்க வாடகை ஜீப் பிடித்தான், மல்லிகையை ஆண்டிபட்டிக்கு பைக்கில் கட்டிக்கொண்டு போனான். இயற்கை உழவுக்கு மாறின முதல் வருஷங்களில் கையில் காசு இருக்காது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த வருஷங்களில் ஒரு கியர் பெட்டி ஆளை நிலத்தை விட்டே துரத்திவிடும்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு இப்போது அரசாங்கத்திலேயே வந்திருக்கிறது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை அதற்கு ஒரு குழு அமைத்தது. வண்டிகளோடு வேளாண் கருவிகளும் அதில் உண்டு. அதே டிசம்பரில் இணையத்தில் ஒரு தளமும் திறந்தார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் வேளாண் கருவிகளுக்கென்றே சட்டம் போட்டது. டிராக்டர் கம்பெனிகள் பழுதுபார்க்கத் தேவையான கையேடு, சாமான், மென்பொருள் எல்லாவற்றையும் உழவருக்குத் தர வேண்டும் என்று. இங்கே நாம் மனு கொடுக்கும்போது விதைச் சட்டம், மின்சாரம், கொள்முதல் விலை என்று எழுதுகிறோம். இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

உரிமை கிடைத்தாலும் கை வேணுமே. எங்களுக்கு வேலை செய்த மேஸ்திரியின் பட்டறையில் ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான். "இவனுக்கும் கல்யாணம் ஆச்சுன்னா திருப்பூருக்குப் போயிருவான் அண்ணே" என்றார். கிராங்கின் துளையைக் கையால் தடவியே பேரிங் உட்காருமா என்று சொல்கிற மனிதர். அவரிடம் மூன்று கியர் ஜீப் பெட்டியின் பல்சக்கரங்கள் ஒரு அலமாரி நிறையக் கிடக்கின்றன. பாரம்பரிய நெல்லுக்கு நாம் விதைத் திருவிழா நடத்துகிறோம். இந்த அலமாரி காயலான் கடைக்குப் போகப் போகிற நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. மருமகன் இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பட்டறையில் போய் உட்காருகிறான். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் வயரிங் வரைபடத்தை அவன் படித்துச் சொல்கிறான், அவர் அவனுக்குக் கிளட்ச் பூட்டக் கற்றுக்கொடுக்கிறார். புது வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் அவருக்குப் பயமாகவே இருந்தன என்றார், இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

வண்டி மெட்டு ஏறுகிறது. செகண்டில் ஏறி, செகண்டில் இறங்குகிறான். முதல் மாதம் முழுக்க இடது முட்டி வலி என்றான், சரியாகிவிட்டது. போன வாரம் பேட்டரி இறங்கி, முருங்கை பறிக்க வந்த நாலு பேர் தள்ளி, வண்டி கிளம்பியது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி கியர் பெட்டி திறக்கிற பட்டறை எது, லேத் எது, டிராக்டர் கிரவுன் பார்க்கிறவர் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கொட்டகையில் சும்மா கிடக்கிற பழைய பெட்டி, பழைய பல்சக்கரம் எதுவாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். விதைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டி வைப்போம்.